உள்ளூர்க் கடைகளின் இணையப் பதிவுகளும் சமூகப் பக்கங்களும்: மதுரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மதுரையில் ஒரு பாத்திரக் கடையையோ பரோட்டாக் கடையையோ தேடி வருகிறவர், கடைக்காரரைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய ஒரு பதிவைக் கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், சில படங்கள், நட்சத்திரக் கணக்கு, முன்பின் தெரியாதவர்கள் எழுதிவைத்த கருத்துகள் எல்லாம் சேர்ந்தது அந்தப் பதிவு. அதைக் கடைக்காரர்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளர் ஒருவர் சேர்த்திருக்கலாம்; நிறுவனமே வேறு தரவுகளிலிருந்து எடுத்து உருவாக்கியிருக்கலாம். கணினியைத் தொட்டுப் பார்க்காத கடைக்காரருக்கும் இணையத்தில் ஒரு பதிவு இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

இந்தப் பதிவுகளை விளம்பரக் கணக்கில் சேர்த்துப் பார்க்கும் வழக்கமே பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் என்பது என் வாதம். பட்டா, வரி ரசீது, தொழில் உரிமம் ஆகியவற்றை எப்படிச் சரிபார்த்து, காலத்தில் புதுப்பித்து, யார் கையில் இருக்கின்றன என்று கவனித்து வைக்கிறோமோ, அதே வரிசையில் வைக்க வேண்டியவை இவை. விளம்பரம் என்று நினைப்பவர் மிகைப்படுத்துகிறார். சில மாதம் ஆர்வமாகச் செய்து பிறகு விட்டுவிடுகிறார். யாரோ ஒருவரிடம் பணம் கொடுத்து ஒப்படைக்கிறார். ஆவணம் என்று நினைப்பவர் உண்மையா என்று பார்க்கிறார். இக்கட்டுரை பெயர், இடம், நேரம், மதிப்புரை, சமூகப் பக்கம், உரிமை என்னும் வரிசையில் இந்த வாதத்தைச் சோதிக்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மதுரையைச் சார்ந்தவை. பல நூற்றாண்டாக வணிகம் நடக்கும் நகரத்தின் முகவரிகளும் பெயர்களும் இணையப் பதிவின் கட்டங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை என்பதே இந்நகரைத் தேர்ந்ததற்குக் காரணம்.

2. முன்வரலாறு

பிறர் தொகுத்த பட்டியலில் தன் பெயர் இடம்பெறுவது வணிகர்களுக்குப் புதிதன்று. சென்னையில் லாரன்ஸ் அசைலம் அச்சகம் வெளியிட்ட ஆண்டுத் தொகுப்புகள் 19ஆம் நூற்றாண்டிலேயே நகரத்துக் குடியிருப்பாளர்களையும் தொழில்களையும் வரிசைப்படுத்தின. பிறகு தொலைபேசித் துறையின் கையேடு வந்தது. 1996இல் ஜஸ்ட் டயல் தொடங்கியபோது, ஒரு எண்ணை அழைத்துக் கேட்டால் கடைகளின் எண்களைச் சொல்லும் சேவையாகவே அது இருந்தது. அந்நிறுவனத்தின் கட்டுப்பாடு 2021இல் ரிலையன்ஸ் ரீடெயில் கைக்குச் சென்றது.

கூகுள் தன் வரைபடத்தை 2005இல் வெளியிட்டது. கடைக்காரர்கள் தங்கள் விவரங்களைச் சேர்ப்பதற்கான வசதிக்கு அந்த ஆண்டு தொடங்கிப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன: லோக்கல் பிசினஸ் சென்டர், 2010இல் கூகுள் பிளேசஸ், 2014இல் கூகுள் மை பிசினஸ், 2021 முதல் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். பெயரோடு வசதிகளும் மாறின. பதிவோடு இலவசமாகக் கிடைத்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுவனம் நிறுத்தியது. பதிவின் வழியாக வாடிக்கையாளரோடு உரையாடும் வசதியை அதே ஆண்டு ஜூலை இறுதியில் எடுத்துவிட்டது. அந்த இலவசத் தள முகவரியைப் பையிலும் விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சடித்த கடைக்காரர்கள் நம்மூரிலும் உண்டு. அந்த முகவரி இப்போது எங்கும் கொண்டுபோகாது. நாம் வாடகை கூடத் தராத இடத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதற்கு இந்த வரலாறே போதும். அச்சில் போவது கடையின் சொந்தத் தொலைபேசி எண்ணாகவும், இயன்றால் சொந்தத் தள முகவரியாகவும் இருக்க வேண்டும். மற்றவை திரையில் மட்டும் இருக்கட்டும்.

3. பெயர்

கூகுளின் விதி எளியது: கடையின் பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறதோ, வாடிக்கையாளர் எப்படி அழைக்கிறாரோ, அதுவே பதிவின் பெயர். அதோடு ஊர்ப்பெயரையும் 'சிறந்த', 'நம்பர் ஒன்', 'குறைந்த விலை' போன்றவற்றையும் கோத்து எழுதுவது விதிமீறல். பதிவு முடக்கப்படவும் கூடும். இருந்தும் தேடலில் மேலே வரலாம் என்று சொல்லி இப்படி எழுதித் தருகிறவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். பலகையில் 'ஸ்ரீ முருகன் மெட்டல்ஸ்' என்றிருக்க, வரைபடத்தில் 'ஸ்ரீ முருகன் மெட்டல்ஸ் பித்தளைப் பாத்திரம் மொத்த விலை மதுரை' என்றிருந்தால், தெருவில் நின்று பலகையைத் தேடுகிற வெளியூர்க்காரர் குழம்புவார்.

தமிழ்நாட்டுக் கடைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பலகை தமிழில் பெரிதாக இருக்க வேண்டும் என்பது நம் மாநிலத்தின் விதி. இணையப் பதிவுகளோ பெரும்பாலும் ரோமன் எழுத்தில் நடக்கின்றன. செல்வம் என்னும் பெயரை அவ்வெழுத்தில் எழுத மூன்று வழியாவது உண்டு; ழகரமோ ஞகரமோ வரும் பெயருக்கு இன்னும் கூடுதல். வரைபடத்தில் ஒரு எழுத்துக்கூட்டலும் ஜஸ்ட் டயலில் வேறொன்றும் ஃபேஸ்புக்கில் மூன்றாவதும் இருந்தால், இவை மூன்றும் ஒரே கடைதான் என்று இயந்திரத்துக்கு உறுதியாவதில்லை. தேடுகிற மனிதருக்கும் ஐயம் எழுகிறது. ஜிஎஸ்டி சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைப்பதே பாதுகாப்பு. தமிழ்ப் பெயரை விவரக் குறிப்பின் முதல் வரியில் எழுதிவிடலாம். அந்தக் குறிப்புக்கு 750 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு.

ஒரே பெயரைப் பலர் உரிமையோடு தாங்கும் நிலை இதைவிடக் கடினம். இதற்கு முனியாண்டி விலாஸைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் குலதெய்வத்தின் பெயரில் நடத்தும் அசைவ உணவகங்கள் அவை. 1930களில் காரியாபட்டியில் தொடங்கித் தென்னிந்தியா முழுவதும் பரவின. பெயர் ஒன்று, முதலாளிகள் வேறுவேறு. ஒரு கடையின் கணக்கு இன்னொன்றைச் சேராது. ஆனால் இணையப் பதிவின் அமைப்பு, ஒரே பெயர் என்றால் ஒரே நிறுவனத்தின் கிளைகள் என்னும் கற்பனையில் கட்டப்பட்டது. திண்டுக்கல்லில் சாப்பிட்டவர் மதுரைக் கடையின் பதிவில் குறை எழுதுகிறார். ஒரு கடையின் படம் இன்னொன்றில் ஏறுகிறது. இங்கே பெயரை மாற்றுவது தீர்வாகாது; அது தெய்வத்தின் பெயர். வேறுபாட்டை மற்ற விவரங்கள் சுமக்க வேண்டும்: துல்லியமான புள்ளி, தனித் தொலைபேசி எண், கடையின் முகப்பு தெளிவாகத் தெரியும் படம், நடத்துபவர் யார், எந்த ஆண்டு முதல் இங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு. தவறாக வந்த குறைக்குப் பதில் எழுதும்போது, 'நீங்கள் சாப்பிட்டது எங்கள் கடையில் அன்று' என்று சொல்லிக் கைகழுவாமல், எந்த ஊர், எந்த நாள் என்று பணிவாகக் கேட்பதே பலன் தரும். அடுத்துப் படிக்கிறவருக்கும் உண்மை விளங்கும்.

வகையைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு முதன்மை வகையும் அதற்கு மேல் ஒன்பது துணை வகைகளும் வைக்கலாம். அவை நிறுவனத்தின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பவை; நாமாக எழுத முடியாது. நாட்டு மருந்துக் கடைக்கோ பூஜைப் பொருள் கடைக்கோ நேரான வகை கிடைக்காதபோது, வருமானத்தில் பெரும்பகுதி எதிலிருந்து வருகிறதோ அதற்கு நெருங்கியதை முதன்மையாக வைப்பது சரி.

4. இடம்

கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் வரிசைக் காரணங்கள் மூன்று: தேடுவதற்குப் பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தைப் பணம் கொடுத்து மாற்ற முடியாது. ஆனால் புள்ளி தவறான இடத்தில் இருந்தால், கடை தன் வாசலிலேயே தொலைந்துபோகும்.

மதுரையின் வீதிகள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்தவை: சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி. மக்கள் மேலமாசி வீதி, கீழமாசி வீதி என்கிறார்கள். ஆங்கில முகவரியில் அது மேற்கு, கிழக்கு என்று மாறுகிறது. சில பதிவுகளில் 'மேல' என்பது அப்படியே ரோமன் எழுத்தில் இருக்கிறது. வட இந்தியாவிலிருந்து கோயிலுக்கு வந்த ஒருவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு தெருக்களாகவே படும். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்தபோது உருவான பகுதியில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி போன்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. மாரட் வீதியை ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. இதோடு பழைய கதவு எண், புதிய கதவு எண் என்ற இரட்டை வழக்கமும் சேர்ந்தால், முகவரி எழுத்தை மட்டும் நம்பி இயந்திரம் புள்ளி வைப்பது ஆபத்து. கடைக்காரர் தன் கடை வாசலில் நின்று, வரைபடத்தைப் பெரிதாக்கி, புள்ளியைத் தன் கையால் நகர்த்தி வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பல ஆண்டுகளுக்குப் பயன்.

சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வரைபடம் காட்டும் கடைசி வளைவில் காரை நிறுத்திவிட்டு எங்கே நடப்பது என்று தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. 'வண்டியை இன்ன இடத்தில் நிறுத்தி, இன்ன கோபுர வாசலிலிருந்து இத்தனை தூரம் நடக்க வேண்டும்' என்ற ஒரு வரி, பத்து அழகிய படங்களைவிட உதவும். அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் முறை, நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக்குறிகள் கொண்ட அடையாளம் தருகிறது. சந்துக்குள் இருக்கும் கடைக்கு இது நல்ல துணை. வாடிக்கையாளரிடம் அது இன்னும் பழகவில்லை. ஆகவே 'வாட்ஸ்ஆப்பில் லொகேஷன் அனுப்புங்கள்' என்று கேட்பவருக்கு அனுப்பத் தயாராகப் புள்ளியின் இணைப்பைச் சேமித்து வைத்திருப்பதே இப்போதைக்கு நடைமுறை.

இடமாற்றம் தனிக் கவனத்துக்கு உரியது. திருமலை நாயக்கர் காலத்துப் புது மண்டபத்தில் தலைமுறைகளாக இருந்த தையற்காரர்கள், பாத்திரக் கடைக்காரர்கள், புத்தகக் கடைக்காரர்கள், வளையல் கடைக்காரர்கள் அண்மை ஆண்டுகளில் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். மண்டபத்தைப் பாதுகாக்க அது தேவைதான். ஆனால் இத்தகைய மாற்றத்தில் கடைக்காரர் செய்யும் பொதுவான தவறு, புதிய இடத்துக்குப் புதிய பதிவு தொடங்குவது. பழைய பதிவு அப்படியே நின்று மக்களைப் பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சேர்ந்த மதிப்புரைகள் அங்கேயே தங்கிவிடும். புதியது வெறுமையாகத் தொடங்கும். பழைய பதிவிலேயே முகவரியையும் புள்ளியையும் மாற்றுவதுதான் முறை. நிறுவனம் மறுபடி சரிபார்ப்புக் கேட்கலாம்; இப்போது அது பெரும்பாலும் பலகை, தெரு, கடையின் உட்புறம் மூன்றும் தெரியும் காணொளி வழியாக நடக்கிறது. இடம் மாறுவதற்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்தால் இடைவெளி விழாது. ஓர் ஊரின் கடைகள் கூட்டமாக இடம் மாற்றப்படும்போது, இந்தப் பதிவு மாற்றத்துக்கும் ஒருவர் அமர்ந்து உதவும்படி வணிகர் சங்கமோ மாநகராட்சியோ ஏற்பாடு செய்ய வேண்டும். கதவும் மின்இணைப்பும் கொடுப்பதைப் போல இதுவும் மறுகுடியமர்த்தலின் பகுதியே.

வீட்டிலிருந்து வேலை செய்யும் சமையல்காரர், எலக்ட்ரீசியன், ஆரி வேலை செய்யும் பெண் ஆகியோருக்கு விதி வேறு. வாடிக்கையாளர் வந்து போகும் இடம் இல்லையென்றால் வீட்டு முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் குறிக்க வேண்டும். 20 பகுதிகள் வரை குறிக்கலாம். பாதுகாப்புக்காகவும் இதைச் செய்ய வேண்டும். தனியாக வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

5. நேரம்

பதிவின் விவரங்களில் மிக அதிகமாகப் பொய்யாவது நேரம். காரணம், நம் கடைகளின் நேரம் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது என்று ஒரே கோட்டில் ஓடுவதில்லை. மதியம் இரண்டு மணிக்கு மூடி நான்கரைக்குத் திறக்கும் கடை உண்டு. மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் கல் சூடாக இருக்கும் பரோட்டாக் கடை மதுரையில் ஏராளம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஒரு மணி நேரம் மூடும் கடை உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஜெராக்ஸ் கடைக்கு வேலையே இல்லை. ஒரே நாளுக்கு இரண்டு மூன்று வேளைகளைத் தனித்தனியாகக் குறிக்கப் பதிவில் வசதி உண்டு. நள்ளிரவு கடக்கும் நேரத்தையும் குறிக்கலாம். பயன்படுத்துபவர்கள் குறைவு.

விழா நாள்களுக்குத் தனி நேரம் குறிக்கும் வசதியும் உண்டு. தீபாவளி, பொங்கலை எல்லாரும் நினைவில் வைப்பார்கள். மதுரைக்குச் சித்திரைத் திருவிழா இருக்கிறது: தேரோட்ட நாளில் மாசி வீதிகளில் கடை திறந்திருந்தாலும் வாடிக்கையாளர் வந்து சேர முடியாது. முனியாண்டி விலாஸ் நடத்துபவர்கள் வடக்கம்பட்டித் திருவிழாவுக்காகக் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போவார்கள். அங்கே பிரியாணியே பிரசாதம். அந்த நாள்களில் வரைபடம் 'திறந்திருக்கிறது' என்று காட்டினால், மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் ஒரு நட்சத்திரத்தோடு தன் ஏமாற்றத்தை எழுதுவார். கடையின் சமையலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. சராசரி மட்டும் குறையும். ஆண்டுத் தொடக்கத்தில் நாள்காட்டியைப் பார்த்து மூடும் நாள்களை மொத்தமாகக் குறித்துவிட்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

யார் வேண்டுமானாலும் ஒரு பதிவுக்குத் திருத்தம் பரிந்துரைக்கலாம்; 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றுகூடக் குறிக்கலாம். உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். அவர் பார்க்காமலிருந்தால் திருத்தம் நிலைத்துவிடலாம். நல்லெண்ணத்தோடு செய்பவர்களே மிகுதி. ஆனால் பத்து நாள் குடும்ப விசேஷத்துக்காகக் கடையை மூடிவிட்டுத் திரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

6. மதிப்புரை

இதுவே கடைக்காரர்களை மிக அதிகமாகக் கலங்கச் செய்யும் பகுதி. ஆய்வாளர்களும் இதைத்தான் மிகுதியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா 2011இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயை யெல்ப் என்னும் மதிப்புரைத் தளத்தின் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கூடும்போது வருவாய் 5 முதல் 9 சதவீதம் கூடியது. ஆனால் அந்த விளைவு தனிக் கடைகளுக்கே இருந்தது, சங்கிலி உணவகங்களுக்கு இல்லை. 2012இல் மைக்கேல் ஆண்டர்சனும் ஜெரமி மக்ரூடரும் சான்ஃபிரான்சிஸ்கோ உணவகங்களை ஆராய்ந்து, அரை நட்சத்திரம் கூடினால் மாலை நேர இடங்கள் நிரம்பிவிடும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளிகள் உயர்கிறது என்று காட்டினார்கள். இந்த எண்களை அப்படியே மதுரைக்குப் பொருத்தக் கூடாது. யெல்ப் இங்கே இல்லை, நம் மெஸ்களில் முன்பதிவும் இல்லை. ஆனால் லூக்காவின் முடிவிலுள்ள காரணம் எங்கும் பொருந்தும். சங்கிலிக் கடையைப் பற்றி மக்களுக்கு முன்பே தெரியும். தனிக் கடையைப் பற்றித் தெரியாது. தெரியாத இடத்தில்தான் அந்நியரின் சாட்சிக்கு எடை கூடுகிறது. ஆகவே மதிப்புரையால் மிகுந்த நன்மையும் மிகுந்த தீமையும் அடைவது சிறு கடைகளே.

பதில் எழுதுவதைப் பற்றி டேவிட் ப்ரொசெர்பியோவும் ஜார்ஜியோஸ் ஜெர்வாஸும் 2017இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. டெக்சாஸ் மாநில ஓட்டல்கள் டிரிப் அட்வைசரில் பதில் எழுதத் தொடங்கிய பின், மதிப்புரைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 12 சதவீதமும் சராசரி 0.12 நட்சத்திரமும் உயர்ந்தன. பாதகமான மதிப்புரைகள் குறைந்தன. வந்தவை நீளமாக இருந்தன. ஓட்டல்காரர் படித்துப் பதில் சொல்வார் என்று தெரிந்தால், ஆதாரமில்லாமல் ஒரு வரியில் திட்டிவிட்டுப் போவது குறைகிறது. உண்மையான குறை உள்ளவர் விரிவாக எழுதுகிறார். விரிவான குறை கடைக்காரருக்குக் கிடைத்த இலவச ஆலோசனை. சாம்பாரில் உப்பு கூடிய நாள் எது, எந்த வேளை, யார் பரிமாறினார் என்பது அதில் இருக்கும்.

பதில் எழுதுவதற்கு நான் முன்வைக்கும் நெறிகள் சில. எழுதியவர் எந்த மொழியில் எழுதினாரோ அதே மொழியில் பதில். தமிழில் எழுதியவருக்கு ஆங்கிலத்தில் நகல் வாக்கியம் ஒட்டுவது அவமதிப்பு. எல்லாருக்கும் ஒரே நன்றி வரியைப் போடுவதைவிட, நான்கில் ஒருவருக்காவது அவர் குறிப்பிட்ட பொருளைச் சொல்லி எழுதுவது மேல். குறை சொன்னவரின் பில்லையோ தொலைபேசி எண்ணையோ அவர் யாரோடு வந்தார் என்பதையோ பொதுவில் எழுதக் கூடாது. மருத்துவமனைகள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்: 'நீங்கள் சிகிச்சைக்கு வந்தபோது' என்று தொடங்கும் பதிலே ஒருவரின் நோயை ஊருக்குச் சொல்லிவிடும். கோபத்தில் எழுதிய பதிலை இரவு கடந்து காலையில் படித்துவிட்டு வெளியிடலாம். தாமதத்தால் கெடுவது எதுவும் இல்லை.

பொய் மதிப்புரைக்கு இரு முகம் உண்டு. ஒன்று, காசு கொடுத்து வாங்கும் புகழ். கூகுளின் விதி இதைத் தடுக்கிறது. தள்ளுபடியோ இலவசப் பொருளோ கொடுத்து மதிப்புரை கேட்பதையும், திருப்தியானவரை மட்டும் பொறுக்கி எழுதச் சொல்வதையும் சேர்த்தே தடுக்கிறது. 'ஐந்து ஸ்டார் போட்டால் ஜிகர்தண்டா இலவசம்' என்ற அட்டை கல்லாவில் இருந்தால் அது விதிமீறல். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட ஐஎஸ் 19000 என்னும் தரநிலை, இணைய மதிப்புரைகளைச் சேகரிப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் வெளியிடுவதற்கும் நெறிகளை வகுத்தது. வாங்கிய மதிப்புரைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கடைக்காரர் எண்ணிப் பார்க்க வேண்டும். 'வரைபடத்தில் மதிப்புரை எழுதினால் பணம்' என்று வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் வேலையில்லாத இளைஞர்களையும் இல்லத்தரசிகளையும் இழுத்து, முதலில் சிறு தொகை கொடுத்து, பிறகு அவர்களிடமிருந்தே பெருந்தொகையைப் பறிக்கும் மோசடி நாடெங்கும் நடந்தது. அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியில் நம் கடையின் பெயர் இருக்கக் கூடாது.

மற்றொன்று, வேண்டுமென்றே எழுதப்படும் பழி. ஒரே நாளில் முகமில்லாத கணக்குகளிலிருந்து ஒரு நட்சத்திர வரிசை வந்து, பிறகு பணம் கேட்டு வாட்ஸ்ஆப் செய்தி வருவதும் நடக்கிறது. பணம் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் அது நிற்காது. திரைப்பதிவுகளை எடுத்துவைத்து, ஒவ்வொரு மதிப்புரையையும் நிறுவனத்திடம் புகாரளித்து, மிரட்டல் இருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்ய வேண்டும். அதே நேரம், கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எந்த மதிப்புரையும் நீக்கப்படாது; விதியை மீறினால் மட்டுமே நீக்கப்படும். உண்மையான கசப்பைப் பொய் என்று புகாரளிப்பதில் செலவாகும் நேரம் வீண்.

7. சமூகப் பக்கங்கள்

ஃபேஸ்புக் 2007இல் வணிகப் பக்கங்களைத் தொடங்கியது. இன்ஸ்டாகிராம் 2016இல் வணிகக் கணக்குகளைத் தந்தது. வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் வந்தது. அதே மாதம் ஃபேஸ்புக், நண்பர்களும் குடும்பத்தாரும் இடுபவற்றுக்கு முன்னுரிமை தரும்படி தன் செய்தி ஓடையை மாற்றுவதாக அறிவித்தது. அதன்பின் ஒரு கடைப் பக்கம் இடுவது, அதைப் பின்தொடர்பவர்களிலேயே சிறு பகுதியினருக்குத்தான் தென்படுகிறது. இதை அறியாமல் நாள்தோறும் வாழ்த்துப் படம் போடும் கடைகள் தம் உழைப்பை வீணாக்குகின்றன.

என் பரிந்துரை: எல்லா இடத்திலும் பக்கம் தொடங்க வேண்டியதில்லை. நடத்த ஆளில்லாத பக்கம் இல்லாதிருப்பதே நல்லது. நான்கு ஆண்டுக்கு முந்தைய ஆடித் தள்ளுபடி அறிவிப்போடு நின்றுபோன பக்கத்தைப் பார்க்கும் புதியவர் கடையே மூடிவிட்டதாக எண்ணுவார். ஜவுளி, நகை, மணப்பெண் அலங்காரம், கேக் போன்ற கண்ணுக்குரிய தொழில்களுக்கு இன்ஸ்டாகிராம் பொருந்தும். பம்பு செட் பழுதுபார்ப்பவருக்கு அது தேவையில்லை; அவருக்கு வரைபடப் பதிவும் வாட்ஸ்ஆப்பும் போதும்.

வாட்ஸ்ஆப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் வணிகம் உண்மையில் அங்கேதான் நடக்கிறது. பலர் அறியாத ஒரு வசதி: தரைவழித் தொலைபேசி எண்ணையும் வாட்ஸ்ஆப் பிசினஸில் பதியலாம், சரிபார்ப்பு எண் குரல் அழைப்பாக வரும். 0452 என்று தொடங்கும் பழைய எண் முப்பது ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தின் ரசீதுகளில் இருக்கிறது என்றால், அந்த எண்ணே வாட்ஸ்ஆப் எண்ணாகவும் இருக்க முடியும். இன்னொன்று: ஸ்டேட்டஸும் மொத்தச் செய்தியும், கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கே போய்ச் சேரும். 'எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்ற சிறு அட்டை கல்லாவில் இருப்பதுதான் அதன் அடித்தளம். அப்படிச் சேமித்தவர் நம்பி இடம் கொடுத்திருக்கிறார்; நாளுக்கு ஐந்து செய்தி அனுப்பி அதை இழக்கக் கூடாது.

படங்களில் ஒரு நுட்பம் உண்டு. வாடிக்கையாளர் ஏற்றிய படத்தை உரிமையாளர் நீக்க முடியாது. விதிமீறல் என்று புகாரளிக்க மட்டும் முடியும். மூன்று ஆண்டுக்கு முந்தைய விலைப்பலகையின் படம் பதிவில் இருக்க, 'மேப்பில் தோசை அறுபது ரூபாய் என்றிருக்கிறது' என்று மேசையில் வாக்குவாதம் வருகிறது. தேதி தெரியும்படி புதிய விலைப்பலகையைக் கடையே அவ்வப்போது ஏற்றுவதே மருந்து.

8. விளம்பரம் செய்யக்கூடாத தொழில்கள்

வழக்கறிஞர்களுக்கு இந்திய பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தைத் தடுக்கிறது. 2008இல் செய்த திருத்தம், தம் இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, பணிப் பரப்பு போன்ற விவரங்களை மட்டும் தர இடமளித்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியாக வேலை தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் தொழில் நெறிமுறைகள் நோயாளிகளை வேண்டி அழைப்பதைத் தடுக்கின்றன. இவர்களுடைய பதிவுகளில் முகவரியும் நேரமும் தகுதியும் இருக்கலாம். 'சிறந்த', 'உறுதியான வெற்றி', 'கட்டணச் சலுகை' இருக்கக் கூடாது. இவர்களுக்காக வேலை செய்யும் விளம்பர முகவர்களுக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. பழி உரிமம் பெற்றவர் மீதே விழும்.

9. உரிமையும் வாரிசும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒருவர் சரியாகச் செய்து, கணக்கு மட்டும் பிறர் கையில் இருந்தால் பயன் இல்லை. வழக்கமாக நடப்பது இது: முதல் பதிவைத் தொடங்கியவர் கல்லூரியில் படித்த மருமகன், அல்லது பலகை அடித்துக் கொடுத்த கடையின் பையன், அல்லது ஒரு முகவர். அவருடைய தனி மின்னஞ்சலில், அவருடைய கைப்பேசிக்கு வரும் ஓடிபியில் எல்லாம் இருக்கிறது. அவர் வெளிநாடு போனால், சண்டை வந்தால், எண்ணை மாற்றினால், கடை வெளியே நிற்கும். கூகுள் பதிவில் முதன்மை உரிமையாளர், உரிமையாளர், மேலாளர் என்று படிநிலை உண்டு. முதன்மை உரிமை எப்போதும் கடை முதலாளியின் கணக்கில் இருக்க வேண்டும். முகவருக்கும் பில் போடும் பெண்ணுக்கும் மேலாளர் நிலை போதும். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இதே முறை: முழுக் கட்டுப்பாடு இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் பதிவு நீக்கப்படும்' என்று வரும் அழைப்புகள் பொய். பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது.

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் கூகுளின் கொள்கை. பதிவைத் தொடங்குவதற்காக மட்டும் திறந்து பிறகு தொடாத மின்னஞ்சல் இந்தக் கொள்கைக்குள் வரும். பதிவு வரைபடத்தில் நிற்கும். சாவி மட்டும் போய்விடும். மாதம் ஒருமுறை அந்தக் கணக்கில் நுழைந்து பார்ப்பது அவசியம்.

நம் குடும்ப வணிகங்களில் இதைவிடப் பெரிய கேள்வி பாகப்பிரிவினையில் எழுகிறது. அண்ணன் தம்பி பிரிகிறார்கள். ஒருவர் பழைய இடத்தில் தங்குகிறார், இன்னொருவர் இரண்டு தெரு தள்ளி அதே பெயரில் தொடங்குகிறார். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 14ஆம் பிரிவில் கடையின் நற்பெயரையும் கூட்டுச் சொத்தாகக் கருதுகிறது. ஆனால் பிரிவினைப் பத்திரத்தில் தராசும் பீரோவும் அட்வான்ஸ் தொகையும் வரிவரியாக இருக்கும். ஆயிரக்கணக்கான மதிப்புரைகள் சேர்ந்த வரைபடப் பதிவும், பத்தாயிரம் பேர் பின்தொடரும் இன்ஸ்டாகிராம் கணக்கும், ஊரே சேமித்து வைத்திருக்கும் வாட்ஸ்ஆப் எண்ணும் அதில் இருப்பதில்லை. வரைபடப் பதிவு இடத்தோடு கட்டுண்டது. பழைய இடத்தில் தங்குகிறவருக்கு அது போவதே இயல்பு. எண்ணும் பக்கமும் அப்படி இடத்தோடு கட்டுண்டவை அல்ல. அவற்றுக்குப் பேசித்தான் முடிவு காண வேண்டும், தேவையானால் விலை வைத்து. பத்திரத்தின் அட்டவணையில் நான்கு வரிகள் சேர வேண்டும்: பதிவின் முதன்மை உரிமை எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, அதன் மீட்பு எண் யாருடையது, சமூகப் பக்கங்கள் எவை, வாட்ஸ்ஆப் எண்ணின் சிம் யார் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே யாருக்கு, எந்தத் தேதிக்குள் மாற்றித் தரப்படும் என்பதும் எழுதப்பட வேண்டும். புதிதாகச் சேர்க்கப்பட்ட உரிமையாளருக்கு முழு அதிகாரம் கிடைக்கச் சில நாள்கள் ஆகும் என்பதால், அந்தத் தேதி கையெழுத்து நாளாக இல்லாமல் அதற்குப் பத்து நாள் கழித்து இருப்பது நல்லது.